கணினியில் நிர்வாகி அனுமதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்துக் கடைகளிலும் வீடுகளிலும் கணினி பழுது பார்ப்பது என் தொழில். விண்டோஸ் கணினியில் திடீரென்று திரை மங்கி, ‘இந்தச் செயலி உங்கள் சாதனத்தில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறதே, அதைப் பற்றி வாடிக்கையாளர்கள் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலோர் கேட்பது அதை எப்படி நிறுத்துவது என்றுதான். நிறுத்தாதீர்கள். அது வரும் தடவைகளைக் குறைக்க நல்ல வழிகள் இருக்கின்றன, அவற்றைச் சொல்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இவை பொருந்தும்.

கணினி என்னுடையது, கணக்கும் அட்மின் (நிர்வாகி) கணக்கு. பிறகு ஏன் என்னிடமே அனுமதி கேட்கிறது?

உங்கள் பெயரில் ஓடும் மென்பொருள் செய்யப்போகும் காரியம் உங்களுக்குத் தெரிந்துதான் நடக்கிறதா என்று விண்டோஸால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கேட்கிறது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இந்தக் கேள்வி கிடையாது. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் எல்லோரும் அட்மின் கணக்கிலேயே வேலை செய்தார்கள். பென் டிரைவில் தொற்றி வந்த வைரஸுக்கும் உரிமையாளருக்கு இருந்த அதே முழு அதிகாரம் கிடைத்தது. 2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் ‘யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல்’, சுருக்கமாக ‘யூஏசி’, என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது. அதன்படி நீங்கள் அட்மினாக உள்ளே நுழைந்தாலும் உங்கள் பெயரில் இரண்டு அனுமதிச் சீட்டுகள் தயாராகும். ஒன்று சாதாரணச் சீட்டு. பிரௌசர், வேர்டு, எக்செல் எல்லாம் அதை வைத்துத்தான் ஓடும். மற்றொன்று முழு அதிகாரச் சீட்டு. மென்பொருள் நிறுவுவது, பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர் போடுவது, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையிலோ ‘விண்டோஸ்’ கோப்புறையிலோ கை வைப்பது போன்ற வேலைகளுக்கு மட்டும் அது வேண்டும்.

பெட்டியில் ‘யெஸ்’ அழுத்தும்போது அந்த மென்பொருளின் கையில் முழுச் சீட்டை எடுத்துக் கொடுக்கிறீர்கள். அதன் பிறகு அது உள்ளே என்னென்ன செய்கிறது என்று விண்டோஸ் ஒவ்வொன்றாக உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்காது. கேள்வி ஒரே ஒரு தடவைதான் வரும். அந்த ஒரு தடவை படித்துப் பார்த்து அழுத்துங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதனால்தான்.

அப்போது திரை ஏன் மங்குகிறது?

வேறு எந்த மென்பொருளும் உங்களுக்குப் பதிலாக ‘யெஸ்’ அழுத்திவிடக் கூடாது, பெட்டியின் மேல் பொய்யான எழுத்தை ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக விண்டோஸ் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி, தனித் திரை ஒன்றில் இந்தக் கேள்வியைக் காட்டுகிறது. மங்கிய பின்னணி, சற்று முன் இருந்த திரையின் படம் மட்டுமே.

பெட்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் பெயர். நீங்கள் பிரிண்டர் டிரைவர் போட்டுக்கொண்டிருந்தால் பிரிண்டர் சம்பந்தப்பட்ட பெயர் இருக்க வேண்டும். அடுத்து ‘வெரிஃபைடு பப்ளிஷர்’ என்ற வரி. மென்பொருளில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் பெட்டியின் தலையில் நீலப் பட்டை, நிறுவனத்தின் பெயர். கையொப்பம் இல்லையென்றால் மஞ்சள் பட்டை, ‘அன்னோன்’. மூன்றாவது ‘ஃபைல் ஆரிஜின்’. கோப்பு இந்தக் கணினியின் டிஸ்க்கில் இருந்து வருகிறதா, இணையத்தில் இருந்து இறக்கியதா என்று அது சொல்லும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நீலப் பட்டை என்றால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். கையொப்பம், மென்பொருளை வெளியிட்டவர் யார் என்று மட்டும் சொல்லும். அதை இப்போது ஏவிவிட்டவர் யார் என்று சொல்லாது. பர்கூரில் ஒரு ஜவுளிக் கடைக்கு மின்னஞ்சலில் ‘இன்வாய்ஸ்’ என்று ஒரு கோப்பு வந்தது. கணக்கு எழுதும் அம்மா திறந்தார். பெட்டி வந்தது: பெயர் ‘விண்டோஸ் கமாண்ட் பிராசஸர்’, வெளியீட்டாளர் ‘மைக்ரோசாஃப்ட் விண்டோஸ்’, நீலப் பட்டை. எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் இன்வாய்ஸ் திறப்பதற்கு அட்மின் அனுமதி எதற்கு என்று அவருக்கே உறுத்தியிருக்கிறது. எதையும் அழுத்தாமல் எனக்கு போன் செய்தார். கீழே இருக்கும் ‘ஷோ மோர் டீடெய்ல்ஸ்’ என்பதை அழுத்திப் படிக்கச் சொன்னேன். அங்கே நீண்ட வரி ஒன்று. அதன் கடைசியில் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் இருந்த அதே கோப்பின் பெயர், ‘பேட்’ (.bat) என்று முடிந்தது; அதாவது அது இன்வாய்ஸ் அல்ல, கட்டளைகள் எழுதிய கோப்பு. விண்டோஸின் சொந்தக் கருவியைக் கூப்பிட்டு, அதன் வழியாக வெளியார் எழுதிய கட்டளைகளை ஓட்டும் தந்திரம் இது. ‘நோ’ அழுத்தினார், கோப்பை அழித்தார், கடை தப்பித்தது.

ஆகவே ‘ஷோ மோர் டீடெய்ல்ஸ்’ பழகிக்கொள்ளுங்கள். அதில் வரும் பாதை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்று இருந்தால் ஏற்கெனவே நிறுவிய மென்பொருள். ‘டவுன்லோட்ஸ்’, ‘டெம்ப்’ என்று இருந்தால், சற்று முன் நீங்களே எதையாவது இறக்கினீர்களா என்று யோசியுங்கள்.

நான் எதையும் தொடவில்லை. தானாகவே வருகிறது.

பெரும்பாலும் ஏதோ ஒரு மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் பார்க்கும். அப்படியே இருந்தாலும் ‘நோ’ அழுத்துங்கள். பிறகு அந்த மென்பொருளை நீங்களே திறந்து, அதன் மெனுவில் இருந்து அப்டேட் கொடுங்கள். அப்போது வரும் பெட்டி நீங்கள் வரவழைத்த பெட்டி.

சில சமயம் திரை மங்காமல், கீழே டாஸ்க்பாரில் கேடயச் சின்னம் மட்டும் மின்னும். நீங்கள் வேறு வேலையில் இருக்கும்போது பின்னணியில் இருந்து ஒரு மென்பொருள் கேட்டால் அப்படி வரும். அதற்கும் இதே பதில்தான்.

‘நோ’ அழுத்த அழுத்த மறுபடி வந்துகொண்டே இருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். சலித்துப்போய் ‘யெஸ்’ அழுத்திவிடுவார்கள் என்று எதிர்பார்த்து எழுதப்பட்ட வைரஸ்கள் உண்டு. இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பெட்டியில் வரும் பெயரையும் பாதையையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன்’ சோதனையை ஓட்டுங்கள்.

தவறுதலாக ‘நோ’ அழுத்திவிட்டால் ஏதாவது கெட்டுவிடுமா?

ஒன்றும் கெடாது. மறுபடி திறந்தால் மறுபடி கேட்கும். திரும்ப எடுக்க முடியாதது ‘யெஸ்’தான்.

கண்ட்ரோல் பேனலில் இதற்கு ஒரு நகர்த்துப் பட்டை இருக்கிறதே. எங்கே வைப்பது?

2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் நான்கு நிலைகள் இருக்கின்றன. உச்சியில் இருப்பது எப்போதும் கேட்கும். இரண்டாவது, மென்பொருள்கள் மாற்றம் செய்யும்போது கேட்கும், விண்டோஸின் சொந்த அமைப்புகளை நீங்கள் மாற்றும்போது கேட்காது. கணினி வாங்கும்போது இதில்தான் இருக்கும். மூன்றாவதும் அப்படியே, ஆனால் திரையை மங்கவிடாது; அதாவது தனித் திரை என்ற பாதுகாப்பு போய்விடும். அடியில் இருப்பது கேட்கவே கேட்காது.

அட்மின் கணக்கிலேயே தினமும் வேலை செய்பவர் உச்சியில் வையுங்கள். மற்றவர்களுக்கு இரண்டாவது போதும். கீழே உள்ள இரண்டையும் யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. பழுது பார்க்க வந்த ஒருவர் தன் வசதிக்காகக் கீழே இறக்கிவிட்டு, திரும்ப ஏற்றாமலே போயிருக்கலாம். தொடக்க மெனுவில் ‘யூஏசி’ என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளை (UAC)த் தட்டினாலே அந்தப் பக்கம் வந்துவிடும். இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.

பெட்டி வருவதைக் குறைக்க உண்மையிலேயே சிறந்த வழி எது?

கணக்கைப் பிரிப்பது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

அட்மின் கணக்கில் வரும் ‘யெஸ்–நோ’ பெட்டியை ஒரு பாதுகாப்பு எல்லையாக மைக்ரோசாஃப்டே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகளைப் பலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். சாதாரணக் கணக்கில், அதாவது ‘ஸ்டாண்டர்டு யூசர்’ கணக்கில், நிலைமை வேறு. அங்கே அட்மின் கடவுச்சொல்லைத் தட்டினால்தான் நடக்கும். அவசரத்தில் விரல் தவறி அழுத்தி எதுவும் உள்ளே வந்துவிடாது. கடையில் வேலை செய்யும் பையன் யாரோ அனுப்பிய விளையாட்டை நிறுவ முயன்றாலும் கடவுச்சொல் இல்லாமல் அது கணினியின் உள்பாகத்தைத் தொடாது.

செய்யும் வரிசை முக்கியம். உங்கள் பழைய கணக்கை விட்டுவிட்டுப் புதிய கணக்குக்குக் குடிபோக வேண்டாம். அப்படிச் செய்தால் டெஸ்க்டாப், கோப்புகள், சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் அங்கேயே தங்கிவிடும். அமைப்புகளில் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதிக்குப் போய் ‘முதலாளி’ என்றோ வேறு பெயரிலோ புதிய கணக்கு ஒன்றை உருவாக்கி, அதை அட்மின் ஆக்குங்கள். வெளியேறி, அந்தப் புதிய கணக்கில் ஒருமுறை நுழைந்து, கடவுச்சொல் வேலை செய்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கிருந்தபடியே பழைய கணக்கை ‘ஸ்டாண்டர்டு’ ஆக மாற்றுங்கள். மறுபடி பழைய கணக்கில் நுழைந்தால் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். அதிகாரம் மட்டும் குறைந்திருக்கும்.

அட்மின் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வையுங்கள். திரையின் ஓரத்தில் ஒட்ட வேண்டாம்.

முதல் வாரம் கொஞ்சம் தொல்லையாக இருக்கும், புதுப்பிக்க வேண்டியவை வரிசையில் நிற்கும். பிறகு அடங்கிவிடும்.

பழைய பில் போடும் மென்பொருள் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்தால்தான் ஓடுகிறது. என்ன செய்வது?

நம் பக்கத்துக் கடைகளில் நான் அதிகம் பார்க்கும் சிக்கல் இது. விவரமாகவே சொல்கிறேன்.

எக்ஸ்பி காலத்தில் எழுதிய மென்பொருள்கள் தங்கள் கணக்குக் கோப்புகளை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். விஸ்டாவுக்குப் பிறகு அங்கே எழுத அட்மின் அனுமதி வேண்டும். பழைய மென்பொருள்கள் நின்றுபோய்விடக் கூடாது என்பதற்காக விண்டோஸ் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. அந்த மென்பொருள் அங்கே எழுதுவதாக நினைத்துக்கொள்ளும். கோப்போ, உங்கள் பயனர் கோப்புறைக்குள் மறைவாக இருக்கும் ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற இடத்தில் போய் உட்காரும். ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி.

காவேரிப்பட்டணத்தில் ஓர் உரக் கடை. மென்பொருள் மெதுவாக ஓடுகிறது என்று யாரோ சொன்ன யோசனையில், ஒருநாள் வலது க்ளிக் செய்து ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்திருக்கிறார்கள். முந்தைய பில்கள் ஒன்றையும் காணவில்லை. உரிமையாளருக்கு உயிரே போய்விட்டது. ஆனால் எதுவும் அழியவில்லை. சாதாரணமாகத் திறந்தபோது எழுதியவை விர்ச்சுவல் ஸ்டோரில் இருந்தன. அட்மினாகத் திறந்தபோது மென்பொருள் உண்மையான கோப்புறையைப் பார்த்தது, அது நிறுவிய நாளில் இருந்தபடியே காலியாக இருந்தது. இந்த நிலை உங்களுக்கு வந்தால் எந்தப் பில்லும் புதிதாகப் போடாதீர்கள். இரண்டு இடத்துக் கோப்புகளையும் தனித்தனியாகப் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு மென்பொருள் விற்றவரைக் கூப்பிடுங்கள். இரண்டிலும் பில் போட்டுவிட்டால் அவற்றை ஒன்று சேர்ப்பது பெரிய வேலை.

நிரந்தரத் தீர்வு, முடிந்தால் மென்பொருளைப் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ தவிர வேறு இடத்தில் நிறுவுவது, அல்லது கணக்குக் கோப்புகள் இருக்கும் உள் கோப்புறைக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுப்பது. கோப்புறையில் வலது க்ளிக், ‘புராப்பர்டீஸ்’, ‘செக்யூரிட்டி’, ‘எடிட்’. பட்டியலில் ‘யூசர்ஸ்’ என்பதைத் தேர்ந்து ‘மாடிஃபை’ என்பதில் டிக் செய்யுங்கள். முழு மென்பொருள் கோப்புறைக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதன் பிறகு பெரும்பாலான பில் மென்பொருள்கள் அட்மின் இல்லாமலே ஓடும்.

அப்படியும் ஒரு மென்பொருள் அட்மின் இல்லாமல் ஓட மறுக்கிறது. தினம் பத்து தடவை பெட்டி வருகிறது.

நீங்கள் அட்மின் கணக்கில் வேலை செய்பவரானால் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ உதவும். புதிய டாஸ்க் ஒன்றை உருவாக்கி, ‘ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்’ என்பதில் டிக் செய்து, அந்த மென்பொருளை அதில் சேர்த்துவிட வேண்டும். அந்த டாஸ்கை ஓடவைக்கும் குறுக்குவழியை டெஸ்க்டாப்பில் வைத்துக்கொண்டால் பெட்டி வராமல் திறக்கும். மற்ற மென்பொருள்களுக்கு வழக்கம்போல் கேட்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அந்த மென்பொருளின் கோப்பு ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ போன்ற, யாரும் எளிதில் எழுத முடியாத இடத்தில் இருக்க வேண்டும். டெஸ்க்டாப்பிலோ டவுன்லோட்ஸிலோ இருந்தால், அதே பெயரில் வேறொரு கோப்பை அங்கே வைத்துவிட்டாலே போதும், அது கேள்வியே இல்லாமல் முழு அதிகாரத்தோடு ஓடும்.

இ-சேவை மையம் நடத்துகிறோம். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இவற்றுக்கெல்லாம் அட்மின் கணக்கு கட்டாயமா?

நிறுவும் நாளன்று மட்டும் வேண்டும். டிரைவர் உள்ளே போன பிறகு கருவி பின்னணியில் சேவையாக ஓடும். ஆதார் கைரேகை எடுப்பதற்கோ ஆவணத்தில் கையொப்பம் இடுவதற்கோ சாதாரணக் கணக்கு போதும். புதிய பதிப்பு வரும்போது மறுபடி ஒருமுறை கேட்கும், அவ்வளவே. ஊர் மக்களின் ஆதார் விவரங்கள் தினமும் போய்வரும் கணினி அது. வேறு எந்தக் கணினியையும்விட அதில் கணக்கைப் பிரிப்பது அவசியம்.

மகன் பெங்களூரில் இருக்கிறான். தூரத்தில் இருந்து இணைந்து சரிசெய்யும்போது அனுமதிப் பெட்டி வந்தால் அவன் பக்கம் திரை கறுப்பாகிவிடுகிறது.

நான் மேலே சொன்ன தனித் திரைதான் காரணம். சாதாரணச் சீட்டில் ஓடும் தொலை உதவி மென்பொருளுக்கு அந்தத் திரை தெரியாது. வீட்டில் இருப்பவர் பெட்டியைப் போனில் படித்துக் காட்டி, மகன் சொன்ன பிறகு அழுத்தினால் போதும். அடிக்கடி தேவைப்பட்டால், அவர் ஊருக்கு வரும்போது அந்த மென்பொருளை அட்மின் அனுமதியோடு முறையாக நிறுவிவைத்துவிட்டுப் போகலாம். இதற்காக நகர்த்துப் பட்டையை மூன்றாவது நிலைக்கு இறக்க வேண்டாம்.

வங்கியில் இருந்து, மின்வாரியத்தில் இருந்து பேசுவதாகச் சொல்லி, ஒரு செயலியை நிறுவி ‘யெஸ்’ அழுத்தச் சொல்கிறார்கள்.

போனை வையுங்கள். எந்த வங்கியும் எந்த அலுவலகமும் உங்கள் கணினிக்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை. ஏற்கெனவே அழுத்திவிட்டிருந்தால் உடனே இணையத்தைத் துண்டித்து, உங்கள் வங்கியை வேறொரு போனில் இருந்து அழையுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தாமதிக்காமல் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

டிடிபி கடை வைத்திருக்கிறேன். ‘கிராக்’ செய்த மென்பொருளை நிறுவும்போது ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு அட்மினாக ஓட்டச் சொல்கிறதே?

யாரென்றே தெரியாத ஒருவர், காவலை நிறுத்திவிட்டு முழு அதிகாரத்தையும் கொடு என்று கேட்கிறார். பத்திரிகை, பேனர் அடிக்கும் கடைகளில் பணம் ஒரு சிரமம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அதே கணினியில்தான் வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆதார் நகல்களும் இருக்கின்றன. கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் ஆகியவை இலவசம். கல்யாணப் பத்திரிகைக்கும் ஃபிளெக்ஸுக்கும் பழகிக்கொள்ளக்கூடியவை.

பெட்டியைச் சரியாகக் கையாண்டால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வராது என்று வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஆவணங்கள் உங்கள் சொந்தக் கோப்புறையில் இருக்கின்றன. அவற்றைப் பூட்டிவைக்க ரான்சம்வேருக்கு அட்மின் அனுமதி தேவையில்லை, சாதாரணச் சீட்டே போதும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னக்ரை என்ற ரான்சம்வேர், விண்டோஸின் ஓட்டை ஒன்றின் வழியே ஒரு கணினியில் இருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. யாரிடமும் அது பெட்டி காட்டிக் கேட்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அப்டேட்டை நிறுத்திவைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும்.

கணக்குக் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, எடுத்த பிறகு கேபிளைக் கழற்றி வையுங்கள். மாட்டியே வைத்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் ரான்சம்வேர் பூட்டும்.

பெட்டி வருகிறது, ஆனால் ‘யெஸ்’ பொத்தான் மங்கலாக இருக்கிறது. கடவுச்சொல் தட்டவும் இடம் இல்லை.

அந்தக் கணினியில் பயன்படுத்தக்கூடிய அட்மின் கணக்கே இல்லாமல் போய்விட்டது என்று பொருள். இருந்த ஒரே கணக்கை யாரோ சாதாரணக் கணக்காக மாற்றியிருப்பார்கள். நான் சொன்ன வரிசையில் பிரித்தால் இது நேராது. மீட்பதற்கு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து மீட்புப் பக்கத்துக்குப் போக வேண்டியிருக்கும். டிஸ்க், விண்டோஸின் பிட்லாக்கர் ஏற்பாட்டால் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தால்) அதன் மீட்புச் சாவியை அங்கே கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த கணினி என்றால் பெரும்பாலும் அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அனுபவம் உள்ளவரிடம் கொடுப்பதே நல்லது, ஆனால் சாவியை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஓடும் கணினியில் இந்தத் தொல்லை இல்லையாமே?

அங்கேயும் கேட்கும். 2011இல் தொடங்கி மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் பலவற்றில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. வீட்டில் இன்னும் அப்படி ஒன்று இருந்தால் பாருங்கள், மென்பொருள் நிறுவும்போது கடவுச்சொல் கேட்கும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில், அட்மின் அதிகாரம் கேட்கும் ‘சூடோ’ என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒருமுறை கேட்டுவிட்டு, அதே டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) 15 நிமிடங்கள் மறுபடி கேட்காது. கடவுச்சொல் தட்டும்போது திரையில் புள்ளிகூடத் தெரியாமல் இருந்தால் விசைப்பலகை பழுது என்று நினைத்துவிடாதீர்கள். தட்டி முடித்து எண்டர் அழுத்துங்கள்.